படிவம் நிரப்பாத பெற்றோர்



எங்கள் பள்ளியில் ஆண்டிறுதியில் சிற்றுண்டிச் சந்தை ஒன்று நடைபெறுவது வழக்கம். ஆறாம் ஆண்டு மாணவர்களே கடைகளை நடத்துவர். பெற்றோரும் மற்ற வகுப்பு மாணவர்களும் வாங்குவர். கணிதத்தில் 'தரவைக் கையாளுதல்' பாடத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு எது என்று எண்ணி, ஒரு முறை சந்தைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே வாடிக்கையாளரின் விருப்பத்தை அறிந்து வருமாறு மாணவர்களைப் பணித்தேன். பிள்ளைகள் கூகுள் படிவம் ஒன்றை உருவாக்கினர். 'உடல்நலத்திற்கு ஏற்ற உணவு விற்கப்பட்டால் வாங்குவீர்களா?' என்பது முதல் வினா. புலனக் குழுவில் அனுப்பினோம். ஏறத்தாழ எல்லாரும் 'ஆம்' என்றே விடையளித்திருந்தனர். வட்டக் குறிவரைவு முழுவதும் ஒரே நிறம். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சுண்டலும் வெட்டுப் பழமும் கம்பங்கூழும் தயாராயின.

சந்தை நாளன்று நடந்தது என்ன? பக்கத்தில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் போட்டிருந்த கடையில் பொரித்த நகெட்டும் ஐஸ் மைலோவும் பத்து மணிக்குள் தீர்ந்துபோயின. எங்கள் கம்பங்கூழைப் பெரும்பாலும் ஆசிரியர்களே குடித்தோம். என் மாணவன் ஒருவன் அருகில் வந்து மெல்லச் சொன்னான்: "சார், 'ஆமாம்'னு போட்டவங்கதான் சார் அந்த வரிசையில நிக்கிறாங்க."

அவன் சொன்னது உண்மை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. அந்த வினாவைப் படிக்கும்போது ஒவ்வொரு தாயும் உண்மையாகவே பழம் வாங்கத்தான் எண்ணியிருப்பார். வினாவே விடையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது. 'உடல்நலத்திற்கு ஏற்ற உணவை வாங்க மாட்டேன்' என்று எழுதித் தர யாருக்கு மனம் வரும்? மறு ஆண்டு மாணவர்கள் வினாவை மாற்றினர். 'சென்ற சந்தையில் என்ன வாங்கினீர்கள்? எவ்வளவு செலவிட்டீர்கள்? வாங்க நினைத்தும் கிடைக்காமற்போனது எது?' மூன்றே வினாக்கள். செய்யப் போவதைக் கேட்காமல் செய்ததைக் கேட்டனர். அந்த ஆண்டு எதுவும் மிஞ்சவில்லை. வெட்டுப் பழமும் விற்றது. சிறு குவளையில், ஒரு ரிங்கிட்டுக்கு. முந்திய ஆண்டு பெரிய தட்டில் மூன்று ரிங்கிட்டுக்கு வைத்ததுதான் தடையாக இருந்ததாம். படிவம் அதைச் சொன்னது.

பன்னிரண்டு அகவைப் பிள்ளைகள் ஒரே ஆண்டில் கற்றுக்கொண்ட இந்தப் பாடத்தை ஆசிரியர்களாகிய நாம் இன்னும் கற்கவில்லையே என்பதுதான் இப்பதிவின் வருத்தம்.

நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 2008ஆம் ஆண்டில் ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை இன்று அதற்கு வெகுவாகக் கீழே இறங்கியிருப்பதை நாம் அறிவோம். 150 மாணவருக்கும் குறைவாக உள்ள 'குறைந்த மாணவர் பள்ளி'களின் பட்டியலில் நம் பள்ளிகள் எத்தனை என்பதையும் அறிவோம். ஆண்டுதோறும் முதலாம் ஆண்டுப் பதிவுக் காலம் வந்தால் 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்ற பதாகை கட்டுகிறோம். பதாகை நல்லதுதான், நானும் ஏணியில் ஏறிக் கட்டியிருக்கிறேன். ஆனால் பதாகை பேசும், கேட்காது.

கேட்கவும் முயன்றோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், "பெற்றோர் எதை விரும்புகின்றனர் என்று இணையத்தில் ஒரு கருத்தாய்வு செய்வோம்" என்று முடிவாயிற்று. பொறுப்பு என் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வினாக்கள். அழகிய செந்தமிழ். 'தங்கள் மதலையின் கற்றல் சூழல் குறித்துத் தங்களின் மனநிறைவு யாது?' என்றெல்லாம் எழுதியிருந்தேன். (இன்று அதைப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.) கல்வி அமைச்சின் டெலிமா கணக்கில் படிவத்தை உருவாக்கியதால், அந்தக் கணக்கு இல்லாத பெற்றோர் பலருக்கு முதல் இரண்டு நாள் படிவமே திறக்கவில்லை. அமைப்பில் ஒரு பெட்டியின் குறியை நீக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பொறுமையுள்ளவர்கள் மறுபடியும் வந்து நிரப்பினர். முடிவு? பெரும்பாலோர் 'மிகவும் மனநிறைவு'. கூட்டத்தில் கைத்தட்டல். அந்த ஆண்டும் முதலாம் ஆண்டில் சேர்ந்தோர் எண்ணிக்கை குறைந்தது.

எப்படி இது? நாம் கேட்டது யாரை என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிப் புலனக் குழுவில் இருப்பவர்கள் ஏற்கெனவே நம்மைத் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களிலும் பொறுமையாக இருபத்திரண்டு வினாவுக்கு விடையளித்தவர்கள் நம்மீது அன்புகொண்டவர்கள். நம் பள்ளி வாசலைக் கடந்து சென்று சீனப் பள்ளியிலோ தேசியப் பள்ளியிலோ பிள்ளையைச் சேர்த்த தாய் அந்தக் குழுவில் இல்லை. அவர் விடைதான் நமக்குத் தேவைப்பட்டது.

இந்தத் தவறு நமக்கு மட்டும் உரியதன்று. 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு வாக்கெடுப்பு அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பினர். லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். முகவரிகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்று பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது: தொலைபேசி வைத்திருந்தோர், மகிழுந்துப் பதிவு செய்திருந்தோர், இதழின் சொந்த வாசகர் ஆகியோரின் பட்டியல்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் தொலைபேசியும் மகிழுந்தும் வைத்திருந்தவர்கள் யார்? வசதியுள்ளோர். அட்டை கிடைத்தும் திருப்பி அனுப்பாத பெருங்கூட்டத்தின் எண்ணமும் வேறாக இருந்தது. அதே தேர்தலில் மிகச் சிறிய எண்ணிக்கையினரைக் கவனமாகத் தெரிந்தெடுத்துக் கேட்ட ஜார்ஜ் கேலப் சரியாகக் கணித்தார். இரண்டே ஆண்டுகளில், 1938இல், அந்த இதழ் நின்றுபோனது. இருபது இலட்சம் விடைகளே கைகொடுக்காதபோது, நம் புலனக் குழுவின் எண்பது விடைகளைக் கண்டு நாம் கைத்தட்டியதை என்னவென்பது!

புலனத்தைப் பற்றி இன்னொன்று. அதில் வாக்கெடுப்பு வசதி வந்த பிறகு எதற்கெடுத்தாலும் வாக்கெடுப்பு வைக்கிறோம். யார் எதற்கு வாக்களித்தார் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். சங்கத் தலைவர் முதல் வாக்கைப் போட்டுவிட்டால் அதற்கு எதிராகப் போட எத்தனை பேருக்குத் துணிவு வரும்? டெலிகிராமில் பெயர் காட்டாத வாக்கெடுப்பு உண்டு. கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் கேட்காமல் விடலாம். பிள்ளையின் ஆசிரியரைப் பற்றிக் குறை சொன்னால் பிள்ளைக்கு ஏதும் நேருமோ என்ற அச்சம் பெற்றோருக்கு உண்டு. அந்த அச்சம் தேவையற்றது என்று நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதே.

சரி, குழுவில் இல்லாதவரை எப்படிக் கேட்பது? நான் முதலில் கூகுள் டிரெண்ட்ஸ் பக்கம் போனேன். பெரிய நிறுவனங்கள் மக்களின் நாட்டத்தை அறியப் பயன்படுத்தும் கருவி, கட்டணம் இல்லை. 2004 முதல் மக்கள் எதைத் தேடினர் என்ற ஏற்ற இறக்கத்தை அது காட்டும். ஆனால் அது காட்டும் 100 என்பது நூறு பேர் என்று பொருளன்று. அந்தக் காலப்பகுதியில் அச்சொல் உச்சத்தில் இருந்த நிலையையே 100 எனக் கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. நாட்டளவில் போக்கை அறிய உதவும். நம் தாமான் அளவுக்கு இறங்கினால் போதிய தரவு இல்லை என்று கைவிரித்துவிடும். யானை பிடிக்கும் வலையில் அயிரை மீன் சிக்காது அல்லவா?

எனக்கு உண்மையில் உதவியது அதைவிடச் சிறிய கருவி. கூகுள் வரைபடத்தில் நம் பள்ளியின் பெயரைத் தட்டினால் ஒரு பக்கம் வரும். பள்ளி நிருவாகம் தன்னை உறுதிப்படுத்திக்கொண்டு அந்தப் பக்கத்தின் பொறுப்பை இலவசமாக ஏற்கலாம். ஏற்றுக்கொண்டால், மக்கள் எந்தச் சொற்களைத் தேடி அப்பக்கத்துக்கு வந்தனர், எத்தனை பேர் வழி கேட்டனர், எத்தனை பேர் அழைப்புப் பொத்தானை அழுத்தினர் என்பதை அது காட்டும். தலைமையாசிரியரின் இசைவோடு அதைச் செய்தேன். திறந்து பார்த்தவுடன் தலை சுற்றியது. அதில் இருந்த தொலைபேசி எண் பள்ளியின் பழைய எண். பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லை. எத்தனை மாதங்களாக எத்தனை தாய்மார்கள் அந்த எண்ணை அழைத்து, மணி அடிக்காமல், அடுத்த பள்ளியின் எண்ணைத் தேடியிருப்பார்கள்? நாம் பதாகை கட்டிக்கொண்டிருந்தோம்.

தேடிய சொற்களும் எனக்குப் பாடமாயின. தமிழில் தேடியவர் மிகக் குறைவு. மலாயிலும் ஆங்கிலத்திலுமே தேடியிருந்தனர். பாலர் பள்ளி உண்டா என்று தேடியிருந்தனர். பள்ளி முடிந்தபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடத்தைத் தேடியிருந்தனர். அப்போதுதான் என் செந்தமிழ்ப் படிவத்தின் குற்றம் உறைத்தது. இன்று முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையை அனுப்பும் அகவையில் உள்ள தாய் தந்தையரில் பலர் தாமே தேசியப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. தம் பிள்ளையாவது தமிழ் படிக்கட்டுமே என்ற ஏக்கம் அவர்களில் பலருக்கு உண்டு என்பதைப் பின்னர் நேரில் கேட்டறிந்தேன். அந்த ஏக்கத்தோடு வந்தவரை, படிக்க முடியாத எழுத்தில் வினாக்களை எழுதி வாசலிலேயே நிறுத்திவிட்டோம். தமிழ்மீது பற்றுள்ள நான் எழுதுகிறேன்: கருத்தாய்வுப் படிவம் மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும். தமிழ் முதலில் இருக்கட்டும். தமிழ் மட்டும் இருக்க வேண்டா.

பிறகு வட்டாரத் தாமானின் முகநூல் குழுவில் இணைந்தேன். ஒளிந்துகொண்டு அன்று, 'நான் இன்ன பள்ளியின் ஆசிரியர், ஐந்து வினாக்கள் மட்டும், பெயரோ அடையாள அட்டை எண்ணோ கேட்க மாட்டேன்' என்று எழுதிவிட்டே படிவத்தை இட்டேன். பிறர் பேசுவதை மறைந்திருந்து கேட்டுக் குறிப்பெடுப்பது வணிகத்தில் வழக்கமாக இருக்கலாம், ஆசிரியருக்கு அழகன்று. வினாக்களைச் சந்தையில் என் மாணவர்கள் கற்பித்த முறையில் அமைத்தேன். 'தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவீர்களா?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கம்பங்கூழ்க் கதைதான். 'பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தெந்தப் பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்தீர்கள்? யாரிடம் கருத்துக் கேட்டீர்கள்? முடிவெடுத்த நாளில் உங்களைத் தயங்க வைத்தது எது?' என்று கேட்டேன்.

விடைகள் மிகுதியாக வரவில்லை. இருபதைத் தாண்டவில்லை. அதை வைத்து நாடு முழுவதற்கும் தீர்ப்பெழுத நான் முட்டாள் அல்லன். ஆனால் அந்த இருபதில் என்னைத் தூங்கவிடாமற் செய்த செய்தி ஒன்று இருந்தது. பாடத்தரம், ஆங்கிலம், கட்டடம் என்று நாம் மேடையில் வாதிடும் எதையும் அவர்களில் பலர் முதலில் எழுதவில்லை. 'நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளி முடிந்தபின் பிள்ளையை யார் பார்ப்பது?' 'எங்கள் தாமானுக்கு உங்கள் பள்ளி வேன் வருமா என்று தெரியவில்லை.' இவையே திரும்பத் திரும்ப வந்தன. ஒரு தாய் எழுதியிருந்தார்: 'எங்களை யாரும் கேட்கவில்லை. சீனப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மா வேன் அங்கிள் எண்ணைக் கொடுத்தார். அதனால் அங்கே சேர்த்தோம்.' மொழிப்பற்று இல்லை என்று நாம் யாரைப் பற்றியெல்லாம் வசைபாடினோமோ, அவர்களில் ஒருவருக்கு வேண்டியிருந்தது ஒரு தொலைபேசி எண்.

திருவள்ளுவர் 'ஒற்றாடல்' அதிகாரத்தில் ஒரு கருத்தைச் சொல்கிறார். ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவரின் சொல்லும் ஒத்துவந்தால்தான் அதை மெய்யென்று தெளிய வேண்டுமாம். அரசனுக்குச் சொன்னதை எளிய ஆசிரியனும் பின்பற்றலாமே என்று எண்ணினேன். வரைபடப் பக்கத்தின் தேடற்சொற்கள் ஓர் ஒற்றன். முகநூல் குழுவின் விடைகள் இன்னோர் ஒற்றன். மூன்றாவதற்கு இணையத்தை நம்பாமல், அருகிலுள்ள இரண்டு தனியார் பாலர் பள்ளிகளின் வாசலில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் நேரத்தில் நின்று பேசினேன். மூன்றும் ஒன்றையே சொன்னபோதுதான் கூட்டத்தில் வாய் திறந்தேன்.

கூட்டத்தில் எதிர்ப்பும் வந்தது. மூத்த ஆசிரியர் ஒருவர், நான் பெரிதும் மதிப்பவர், "பெற்றோர் என்ன வாடிக்கையாளரா, தம்பி? நாம் என்ன கடையா நடத்துகிறோம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கடைக்காரர் வாங்குபவர் கேட்டதைக் கொடுத்தால் போதும். ஆசிரியர் அப்படியன்று, நகெட் கேட்கும் பிள்ளைக்கும் பழத்தைப் பழக்க வேண்டியவர். அறிவியலையும் கணிதத்தையும் எந்த மொழியில் கற்பிப்பது என்பதைப் படிவத்தில் குறி போட்டு முடிவு செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது எழுந்த வாதங்களை நாம் மறக்கவில்லை. ஆனால் அதிலும் கேட்பதற்கு ஒன்று உண்டு. ஆங்கிலம் வேண்டும் என்று ஒரு தந்தை சொல்லும்போது, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் என் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற அச்சத்தையே அவர் சொல்கிறார். அந்த அச்சத்திற்கு விடை தருவது நம் கடமை. அவர் குறித்த பெட்டிக்கு அடிபணிவது நம் கடமையன்று. வாடிக்கையாளர் என்ற சொல் வேண்டாமென்றால் விட்டுவிடுவோம். கடைக்காரரின் காதை மட்டும் கடன் வாங்கிக்கொள்வோம் என்றேன். ஐயா புன்னகைத்தார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஆசிரிய நண்பர்கள் சிலர், "இதற்கெல்லாம் நேரம் ஏது? கோப்புகளே தலைக்கு மேல்" என்பார்கள். உண்மைதான். அந்த இருபத்திரண்டு வினாப் படிவத்தை எழுதவும், திறக்கவில்லை என்று அழைத்தவர்களுக்கு விளக்கவும், குறிவரைவுகளைப் படவில்லைகளாக மாற்றவும் எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. வரைபடப் பக்கத்தில் எண்ணை மாற்ற, உறுதிப்படுத்தும் நடைமுறை முடிந்தபின், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எங்களிடமிருந்து படிவம் வந்தால் எங்களை மகிழ்விக்க நிரப்பாதீர்கள். உங்கள் தெருவில் வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளையின் அம்மாவிடமும் அதை அனுப்பி வையுங்கள்.

எண்ணை மாற்றிய மறுவாரம் பள்ளி அலுவலகத்திற்கு ஓர் அழைப்பு வந்தது. நான் அங்கே வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தேன். மலாயில் பேசத் தொடங்கிய ஒரு பெண், எழுத்தர் தமிழில் பேசியதும் தமிழுக்கு மாறினார். அடுத்த ஆண்டு மகளைச் சேர்க்க வேண்டும், தங்கள் தாமானுக்கு வேன் வருமா என்று கேட்டார். எழுத்தர் என்னைப் பார்த்தார். எங்களிடம் அந்தப் பக்கம் போகும் வேன் அன்றைக்கு இல்லை. "அரை மணி நேரத்தில் அழைக்கிறோம் என்று சொல்லுங்கள், அம்மா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, சங்கத் தலைவரை அழைக்கக் கைப்பேசியை எடுத்தேன்.